ஒற்றை வரியில் ஒரு மறுப்பு

ஒரு கம்பெனியால் லட்சம் பேருக்குத் தலா ஐம்பது டாலர் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது டாலருக்காக யாரும் தனியாகக் கோர்ட் படி ஏற மாட்டார்கள். வக்கீல் ஃபீஸே அதைவிடப் பல மடங்கு ஆகும். இதற்காகத்தான் அமெரிக்காவில் 'கிளாஸ் ஆக்‌ஷன்' இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஓரிருவர் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போடலாம். ஆனால் இவர்களை ஒரே குழுவாக ஏற்கலாம் என்று நீதிபதி முதலில் அங்கீகரிக்க வேண்டும்.

பல வழக்குகளின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிடுகிறது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் ஐம்பது டாலர்காரர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கிடைத்துவிட்டால், தன் பக்கம் நியாயம் இருந்தாலும் கம்பெனி பயந்துபோய் சமரசத்துக்கு வந்துவிடலாம்.

சரி, இந்த உத்தரவை எதிர்த்து உடனே அப்பீல் போக முடியுமா? வழக்கு முழுக்க முடிந்த பிறகுதான் அப்பீல் என்பது அங்கே பொது விதி. குழு மறுப்புக்கும் அதேதான் என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இருபது வருடம் கழித்து, 1998-ல், 23(எஃப்) என்ற விதி வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனு போடலாம். ஏற்பதும் மறுப்பதும் முழுக்க நீதிபதிகளின் விருப்பம். மனு போட முதலில் 10 நாள் கெடு இருந்தது. 2009 முதல் 14 நாள்.

சிக்கல் இங்கேதான். மறுக்கும்போது நீதிமன்றம் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. மறுக்கப்பட்டது என்று ஒரு வரி, அவ்வளவுதான்!

எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளைக் கீறிவிடுகிறது என்று மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டவர்கள் இதை அனுபவித்தார்கள். குழுவாக வழக்காட முடியாது என்று கீழ்க்கோர்ட் சொன்னது. 23(எஃப்) மனுவும் மறுக்கப்பட்டது. தங்கள் வழக்கைத் தாங்களே தள்ளுபடி செய்யவைத்து, இப்போது இறுதித் தீர்ப்பு வந்துவிட்டது என்று அப்பீல் போனார்கள். அந்தக் குறுக்குவழி செல்லாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் அடைத்துவிட்டது. ஆக, உடனே அப்பீல் போக முக்கியமான கதவு அந்த மனுதான் என்று ஆகிவிட்டது.

கெடு விஷயத்திலோ கறார் அதிகம். 2019-ல் நியூட்ராசூட்டிகல் வழக்கில், எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் 14 நாளை நீட்டிக்க முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். மனுதாரருக்கு ஒருநாள் கூடச் சலுகை இல்லை. மனுவை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு அந்த விதியில் கெடுவே இல்லை. காரணம் சொல்லும் கடமையும் இல்லை. இது என்ன நியாயம்?

எல்லா மனுவையும் ஏற்றால் வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும் என்பது எதிர்வாதம். அது உண்மைதான். சுமார் 15 லட்சம் பெண் ஊழியர்களுக்காக வால்மார்ட் மேல் போட்ட வழக்கில் 2004-ல் குழு அங்கீகாரம் கிடைத்தது. மனு ஏற்கப்பட்டு, அந்த அங்கீகாரம் சரியா தவறா என்ற கேள்விக்கே 2011 வரை ஆனது. கடைசியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

ஆனால் யாரும் எல்லா மனுவையும் ஏற்கச் சொல்லவில்லை. எப்போது ஏற்கலாம் என்பதற்கு 1999-லேயே ஏழாவது வட்டார நீதிமன்றம் மூன்று காரணங்களை வகுத்தது: மறுப்பால் வழக்கே செத்துப்போவது, அங்கீகாரத்தால் கம்பெனிக்கு வரும் சமரச நெருக்கடி, சட்டத்தில் தெளிவு வேண்டிய கேள்வி. இவற்றில் எது பொருந்தவில்லை என்று மூன்று வரி எழுதினால் போதும். அடுத்து வழக்குப் போடுபவருக்கு வழி தெரியும். தோற்றவருக்கும் தன் மனுவைப் படித்துவிட்டுத்தான் மறுத்தார்கள் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும்.