கழனி கேமராவுக்கும் ஒரு கதவு வேணும்

இன்னிக்கு நெல்லும் இல்ல, உரமும் இல்ல. ரூட்டர் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

போன நவரைக்கு நாற்று விட்ட சமயம், பக்கத்துக் கழனியில் மோட்டார் ஒயரை ராத்திரியோடு ராத்திரியா அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கிற செம்புக்காக. பயந்து போய் நானும் மோட்டார் கொட்டகையில் ஒரு கேமரா வைத்தேன். கழனி வீட்டுக்குப் பின்னாடியே இருப்பதால் வைஃபை எட்டும். கும்மிடிப்பூண்டி போனாலும் போனில் பார்க்கலாம் என்றார் பொருத்த வந்தவர். மாதிரிக்குப் பார்த்தும் காட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் கேமரா கிணற்றைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மருமகள் துணி துவைக்கிற இடம். நான் திருப்பவில்லை, வீட்டில் யாரும் தொடவில்லை. வயிறு கலங்கிப் போச்சு. உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

தங்கச்சி மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். வந்து பார்த்துவிட்டு, "மாமா, உலகத்துக்கே கதவைத் திறந்து வச்சிருக்கீங்க" என்றான். வெளியே இருந்து பார்க்க வசதியாக ரூட்டரில் ஒரு போர்ட்டை நேராகக் கேமராவுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்த அதே பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்கிற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியதாம். அதற்குத் தேவைப்பட்டது மாற்றாத பாஸ்வேர்டுதான்.

இதற்கு வழி ரூட்டரிலேயே விபிஎன் போடுவது. வெளியே இருக்கும் என் போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் பூட்டு போட்ட ஒரு பாதை. அந்தப் பாதையில் வந்தால்தான் கேமரா தெரியும்.

யூடியூபில் விளம்பரம் வருதே, காசு கட்டி வாங்குகிற விபிஎன், அது வேற. அதில் நாம் வேறு ஒருத்தர் கம்ப்யூட்டர் வழியாக வெளியே போகிறோம். அது என் கழனிக்குப் பூட்டு போடாது. வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்கணும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டதும் அந்த மாதிரி சேவை நடத்துகிற கம்பெனிகளுக்குத்தான். நம்ம வீட்டுக்கு நாமே போட்டுக்கொள்கிற பாதைக்கு இல்லை.

ரூட்டரில் நாலு பேர் இருந்தது. பிபிடிபி 1990-களில் வந்தது, பூட்டு எப்பவோ உடைந்துபோனது. ஐபோனில் 2016-லேயே எடுத்துவிட்டார்கள். எல்2டிபி-யும் பழசு. ஆண்ட்ராய்டு 12-லிருந்து இந்த ரெண்டையும் புதுசாகச் சேர்க்க முடியாது. ஓபன்விபிஎன் நம்பகமானது, 20 வருஷத்துக்கு மேல் ஆச்சு, ஆனால் சின்ன ரூட்டரில் மெதுவாக ஓடும். வீடியோ திக்கித் திக்கி வரும். நாலாவது வயர்கார்ட். 2020-ல் லினக்ஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சாவி சரியாக இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. வீட்டில் ஆள் இருக்கா என்பதே அவனுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

சில இடத்து வைஃபையில் வயர்கார்டைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே ஓபன்விபிஎன் கை கொடுக்கும். எனக்கு போன் டேட்டாவே போதும், அதனால் வயர்கார்ட் போதும்.

போடுகிறதுக்கு முன்னாடி ஒன்று பாருங்க. ரூட்டர் பக்கத்தில் வேன் ஐபி என்று இருக்கும். அது 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் பல வீட்டுக்குப் பொது முகவரி என்று அர்த்தம், வெளியிலிருந்து வர முடியாது. லைன் கொடுத்தவரிடம் தனி ஐபி கேட்கணும். எனக்கு ஏற்கெனவே வாங்கியிருந்ததால் வேலை சுலபமாச்சு. வயர்கார்டை ஆன் செய்து, போனில் க்யூஆர் காட்டி ஏற்றினான், அரை மணி நேரம்தான். திறந்திருந்த பழைய போர்ட்டை மூடினோம். கேமராவை ரீசெட் செய்து புது பாஸ்வேர்டு வைத்தோம். என் போனுக்கு ஒரு சாவி, பையன் போனுக்கு ஒரு சாவி. போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் அழித்தால் போதும்.

ஒயர் திருடனை விபிஎன் தடுக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் திருடனைப் பார்க்க வைத்த கண்ணால் எவனோ என் வீட்டைப் பார்த்தான் பாருங்க, அது ஒயர் போனதைவிடப் பெரிய நஷ்டம்.

கிணறு வெட்டுகிறவன் சுற்றுச்சுவர் கட்டாமல் போனால் ஊர் சும்மா விடுமா? கேமரா மாட்டுகிறவர்களும் பூட்டு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்கணும். மாட்டுகிற அன்றைக்கே நாமும் ஒரு கேள்வி கேட்போம்: "தம்பி, இதை என்னைத் தவிர வேற யார் பார்க்க முடியும்?" பதில் சொல்லத் தயங்கினால், பணத்தைப் பையிலேயே வச்சுக்குங்க.