பாபாசாகேப்பின் உருவத்தை வரைவது யார்? டிஜிட்டல் ஓவியமும் எல்லைப்புறத்தின் சாதி அரசியலும்

2018 நவம்பரில், கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் காவிரியிலிருந்து ஓர் இளைஞரின் உடல் மீட்கப்பட்டது. அவர் யார், எந்த மாநிலத்தவர் என்பது அங்குள்ள காவல்துறைக்குத் தெரியவில்லை. அவர் அணிந்திருந்த பனியன்தான் வழிகாட்டியது. அதில் பாபாசாகேப் அம்பேத்கரின் உருவமும், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு விசாரணை எல்லையைக் கடந்து ஓசூர்ப் பகுதிக்கு வந்தது. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் வாழ்ந்துவந்த தலித் இளைஞரும் அவருடைய இணையரும் கொல்லப்பட்டது அவ்வாறே வெளிப்பட்டது. பெண்ணின் தந்தை உள்ளிட்ட உறவினர்கள் கைது செய்யப்பட்டனர்.

இந்தக் கொலையைப் பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது. ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் எழுந்தது. அந்தப் பனியனைப் பற்றி மட்டும், அது ஒரு தடயம் என்பதற்கு மேல் எவரும் பேசவில்லை. அதில் இருந்த உருவத்தை யாரோ ஒருவர் வரைந்திருக்கிறார். எங்கோ ஓர் அறையில், கணினியிலோ கைப்பேசியிலோ, மூக்குக் கண்ணாடியின் வளைவையும் கோட்டின் மடிப்பையும் முடிவு செய்திருக்கிறார். கொலையாளிகள் மாநில எல்லையைக் கடந்து சென்று மறைக்க முயன்ற அடையாளத்தை அந்தப் படம் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. தலித் அரசியலில் உருவ வரைவு என்பது அலங்கார வேலை அல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்றை நான் அறியேன்.

சேரியின் இளைஞர் மன்றங்கள் ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் அச்சிடும் பனியன்களின் தொழில்நுட்பத்தை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம் தேவை. நிறம் கூடினால் செலவும் கூடும். ஐம்பது பனியன் அடிக்கும் மன்றத்தால் ஆறு நிறத்துக்குச் செலவிட முடியாது. எனவே முகம் இரண்டே சாயல்களுக்குச் சுருங்குகிறது: இருள், வெளிச்சம். நெற்றியின் அகலம், வட்டக் கண்ணாடி, கழுத்துப்பட்டை ஆகியவை மட்டும் மிஞ்சுகின்றன. ஆனாலும் எவரும் அவரை அடையாளம் காணத் தவறுவதில்லை. அசைவூட்டப் படத்துறையில் பாத்திரங்களை வடிவமைப்போர் தமக்கென ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். உள்விவரங்கள் அனைத்தையும் அழித்துவிட்டு வெறும் கறுப்பு நிழலுருவாக வைத்தாலும் அது யார் என்று தெரிய வேண்டும். இந்தியாவில் இச்சோதனையில் எளிதாகத் தேறும் அரசியல் உருவங்கள் மிகச் சில. அவற்றுள் கோட்டும் புத்தகமும் நீட்டிய விரலுமாக நிற்கும் அம்பேத்கர் ஒன்று.

அந்த நீட்டிய விரலுக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. நாடாளுமன்ற வளாகத்தில் 1967 ஏப்ரல் 2 அன்று திறக்கப்பட்ட வெண்கலச் சிலையைச் செய்தவர் சிற்பி பி. வி. வாக். நாடெங்கும் சிமெண்டிலும் பிளாஸ்டிக் பதாகையிலும் மறுபிறப்பு எடுத்துக்கொண்டே இருக்கும் நிலை அது. நம் ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்பதும் பெரும்பாலும் அதே நிலைதான். சிற்பியின் பெயரோ நம்மில் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

கடந்த பத்தாண்டுகளில் இந்த உருவத்தை மீண்டும் அடியிலிருந்து யோசிக்கத் தொடங்கியவர்கள் சுயாதீன டிஜிட்டல் ஓவியர்கள். 'பேக்கரி பிரசாத்' என்ற பெயரில் வரையும் சித்தேஷ் கௌதம், 'ஆர்டெட்கர்' என்ற பெயரில் வரையும் ராஹி புண்யஸ்லோகா ஆகியோர் சமூக ஊடகங்களின் வழியே பரவலாக அறியப்பட்டவர்கள். இவர்களுக்குக் கலைக்கூடமோ பத்திரிகை அலுவலகமோ வாசலாக இருக்கவில்லை. ஒரு வரைபலகையும் இணைய இணைப்புமே போதுமாயிருந்தன. டிஜிட்டல் ஓவியத்தில் வேலை அடுக்கு அடுக்காக நடக்கிறது. பழைய ஒளிப்படம் அடியில் இருக்கும். அதன்மேல் கோட்டு வரைவு. அதற்கும் மேல் நிறம், நிழல், எழுத்து. இறுதியில் அடியிலுள்ள ஒளிப்படத்தை நீக்கிவிடலாம். நீக்கிய பின் எஞ்சுவது ஓவியரின் முடிவுகள் மட்டுமே.

அந்த முடிவுகளுள் மிகக் கடினமானது தோலின் நிறம். நமக்குக் கிடைத்துள்ள பாபாசாகேப்பின் ஒளிப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. நிறம் தீட்டும் ஒவ்வொருவரும் ஒரு நிறத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. பதாகைக் கடைகளில் பல ஆண்டுகளாகப் புழங்கும் படங்களில் அவர் ரோஜா வெண்மையில் இருப்பதைக் காணலாம். இதைத் தீய நோக்கம் என்று சொல்ல மாட்டேன். பெரியவர்களை வெளுப்பாக்கிக் காட்டுவதே மரியாதை என்று நாட்காட்டிப் படங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. அரக்கருக்குக் கருமை, தேவருக்குப் பொன்னிறம் என்ற அதே வண்ணப் பெட்டியிலிருந்து நம் தலைவர்களுக்கும் நிறம் எடுத்துக்கொண்டோம். பழுப்பு நிறத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்கும் இளம் ஓவியர் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

உருவ வரைவில் அரசியலை எவ்வளவு ஆழமாக இறக்க முடியும் என்பதற்கு 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா' இன்றும் சிறந்த பாடம். அதை வரைந்த துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் இருவரும் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்கள். தலித்துகள் அல்லர், பழங்குடியினர். கதை மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்தார்கள். படக்கதை என்றாலே கட்டம் என்ற இலக்கணம் அங்கேயே உடைந்தது. பேச்சுக் குமிழிலும் புதுமை செய்தார்கள். பரிவோடு பேசுபவரின் சொற்கள் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. சாதி நஞ்சு கலந்த சொற்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. மனத்துக்குள் ஓடும் எண்ணத்துக்கு ஒரு கண். இவற்றை ஒருமுறை பார்த்த வாசகர், யார் எப்படிப் பேசுகிறார் என்பதைப் படிக்கும் முன்பே அறிந்துகொள்கிறார். எழுத்தறியாத பாட்டியிடம் அந்த நூலைக் கொடுத்தாலும் தேளை அவர் அறிவார்.

வரைபவரின் கை யாருடையது என்பது மறுபக்கத்திலும் விளைவுகளை உண்டாக்கியிருக்கிறது. 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், அரசியலமைப்பு என்னும் நத்தையின் மீது அம்பேத்கர் அமர்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்த இப்படத்தை 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் எழுப்பினார். படம் நீக்கப்பட்டது, பாடநூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பால்ஷிகரும் பதவி விலகினர். தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று அப்போது ஆங்கில நாளேடுகளில் சிலர் எழுதினார்கள். அதற்குரிய விடை ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது. தாமே கேலிச்சித்திரக்காரரான உன்னமதி சியாம சுந்தர், 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைப் பற்றி வெளியான நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் திரட்டி 2019இல் நூலாக்கினார். அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது நத்தைப் படம் தனித்த ஒன்றல்ல என்பது புரிகிறது. அக்காலத்தின் மாபெரும் அறிஞர் ஒருவர் குள்ளமாக, அடம்பிடிக்கும் குழந்தையாக, மற்றவர்களின் காலடியில் நிற்பவராகத் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருக்கிறார். தலித் வாசகருக்கு உறுத்தியது நகைச்சுவை அல்ல. அந்த உடலின் அளவும், சாட்டை யார் கையில் இருக்கிறது என்பதும்தான்.

நிறத்துக்கு வருவோம். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பை 1942இல் அம்பேத்கர் தொடங்கியபோது அதன் கொடி நீலம். கோட்டுக்கு நீலம் வந்த வழியில் அக்கொடிக்குப் பங்குண்டு. அந்த நீலத்தை மாற்றினால் ஆளையே மாற்றிவிடலாம் என்பதைப் பிறரும் அறிந்திருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில், உடைக்கப்பட்ட சிலைக்குப் பதிலாக நிறுவப்பட்ட அம்பேத்கர் காவிக் கோட்டோடு வந்தார். எதிர்ப்புக்குப் பின் மீண்டும் நீலம் பூசப்பட்டது. 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சி ஒட்டிய சுவரொட்டியில் அவருக்குக் காவிச் சட்டையும் நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருந்தன. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினர் போராடினர். சுவரொட்டி ஒட்டிய கட்சியின் நிர்வாகி கைது செய்யப்பட்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய ஒருவரின் நெற்றியில் திருநீறு பூசக் கணினியில் சில நொடிகள் போதும். அதே கருவி, அதே அடுக்குகள்.

ஒளிப்படம் உள்ளவர்களின் நிலை இது. ஒளிப்படமே இல்லாதவர்களை எப்படி வரைவது? அருந்ததியர் தம் முன்னோராகப் போற்றும் ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 20 அன்று அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அவருடைய முகத்தைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. குயிலிக்கும் அப்படித்தான். எனவே ஓவியர் முழுமையாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான பதாகைகளில் இவர்கள் முறுக்கிய மீசை, குதிரை, உயர்த்திய வாள் என்ற வார்ப்பில் வருகிறார்கள். அந்த வார்ப்பு ஆதிக்க சாதிகளின் குருபூசைப் பதாகைகளிலிருந்து பெறப்பட்டது. வீரத்துக்கு வேறு உருவமே இல்லை என்பதுபோல நாமும் அதையே வரைகிறோம். தோல் பதனிட்ட கை எப்படி இருக்கும், பறையைத் தூக்கும் தோள் எப்படிச் சாயும், மாட்டின் பின்னே நடந்தவரின் பாதம் எப்படி விரியும் என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு ஒண்டிவீரன் கிடைப்பார். நம் இளம் ஓவியர்கள் இந்த ஒரு துறையில் இன்னும் துணியவில்லை என்றே நினைக்கிறேன்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இத்தகைய வேலைக்கு வளமான நிலம். 1970களில் சிப்காட் வந்தபின் இரு சக்கர வாகனமும் கனரக வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராக ஓசூர் மாறியது. இப்போது மின்னணு ஆலைகளும் மின்வண்டி ஆலைகளும் மாவட்டமெங்கும் பரவியுள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் இளைஞர் தமிழில் படித்து, அத்திப்பள்ளியைக் கடந்து வேலைக்குச் சென்று, கன்னடத்தில் கணக்குத் தீர்க்கிறார். இங்கே ஒரு பதாகைக்கு எழுத்தைத் தேர்ந்தெடுப்பதே அரசியல் முடிவு. உருவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்று மொழியிலும் அது ஒன்றே. அந்த உருவம் இப்பகுதியில் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தலைவர்களை மட்டுமே வரைந்துகொண்டிருப்பது போதாது. ஷிப்டு முடிந்து நிறுவனப் பேருந்தில் கண்ணயரும் விடுதிப் பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி, ஆலைக்குள் ஒரே சீருடையும் ஊருக்குள் வேறு தெருவுமாக வாழ்பவர் ஆகியோர் எந்தப் படக்கதையிலும் கதாபாத்திரமாக இல்லை. சீருடை சாதியை மறைப்பதுபோல் தோன்றும். உணவு இடைவேளையில் யார் யாரோடு அமர்கிறார் என்பதில் அது திரும்பிவிடும். அதை எப்படிக் கோட்டில் காட்டுவது என்பது எளிதில் விடை கிடைக்காத வரைவுச் சிக்கல். வ்யாம் இணையர் தேள் கொடுக்கைக் கண்டடைந்ததுபோல் ஒருவர் இதற்கும் ஒன்றைக் கண்டடைய வேண்டும்.

இந்த ஓவியர்களின் பிழைப்பு மோசமானது. ஏப்ரல் மாதத்தில் அவர்களின் படங்கள் கட்சிப் பதாகைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் ஓரத்துக் கையொப்பம் வெட்டப்பட்ட நிலையில் வலம்வருகின்றன. வெட்டுபவர்களில் நம் தோழர்களும் உண்டு. இயக்கத்துக்கு வரைந்ததற்குக் கூலி கேட்கலாமா என்ற கேள்வி வேறு. சேரிப் பிள்ளையின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது நமக்குப் புதிய வழக்கமா என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. இதற்கிடையே, கட்டளை எழுதினால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. 2025 மார்ச் இறுதியில் ஜிப்லி பாணிப் படங்கள் இணையத்தை நிறைத்தபோது, ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை ஒரு சொடுக்கில் நகலெடுக்கலாம் என்று உலகம் கண்டது. பெரிய நிறுவனத்துக்கே அக்கதி என்றால், கைப்பேசியில் வரையும் கிருஷ்ணகிரி மாணவருக்கு என்ன காப்பு?

சட்டத்தில் ஓரளவு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தம்முடையது என்று கோரவும், தம் நற்பெயருக்குக் கேடாகச் சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் படைப்பாளிக்கு வழி தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் இப்பிரிவைக் கொண்டே மத்திய அரசுக்கு எதிராக வழக்காடி, 2005இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வென்றார். 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாக வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். வாட்ஸ்அப்பில் 'அண்ணா, அந்தப் படத்தை அனுப்புங்க' என்று கேட்டு வாங்குவது உரிமை மாற்றம் ஆகாது. பதாகைக் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் நிலை வேறு. 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர் பணியில் வரைந்ததன் முதல் உரிமையாளர் கடைக்காரரே. இதை நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

அடுத்த ஏப்ரலுக்குப் பனியன் அடிக்கப்போகும் மன்றங்கள், ஊரின் பெயருக்குக் கீழே ஓவியரின் பெயரையும் சிறிய எழுத்தில் சேர்க்கலாம். அதே நிறத்தில், அதே சட்டத்தில் அச்சாகும். கூடுதல் செலவு எதுவும் இல்லை.