அலை பார்க்க வந்தவர்கள் ஆடை பார்த்தார்களா?

2025 ஆகஸ்ட் மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றபோது, செங்கல்பட்டிலிருந்து குடும்பத்தோடு சென்று ஒரு பகல் முழுவதும் கரையில் நின்றோம். போட்டியாளர்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் எனத் தனித்தனி நிறச் சட்டை அணிந்திருந்தனர். தொலைவில் அலை மீது நிற்பவர் யாரென்று நடுவர்கள் அறிவதற்கே அந்த நிறங்கள். முழுக்கைச் சட்டை அணிந்தோர் பலர். கால் மூடாதோரும் இருந்தனர், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எங்களைச் சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது அலையின் உயரத்துக்கும் பலகையில் நின்ற நேரத்துக்கும்தான். அப்போட்டியில் நம் நாட்டின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று அதன்பின் எவரும் பேசிக் கேட்டதில்லை.

உடல் தெரிந்தால்தான் கூட்டம் வரும் என்பது விளையாட்டை நடத்துவோரிடம் வேரூன்றிவிட்ட எண்ணம். கடற்கரைக் கைப்பந்தில் பெண்களின் கீழாடை பக்கவாட்டில் 7 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றே ஒரு காலத்தில் விதி இருந்தது. 2012இல்தான் அரைக்கால் சட்டையும் கைவைத்த மேலாடையும் அனுமதிக்கப்பட்டன. 2011இல் உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பு, பெரிய போட்டிகளில் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என அறிவித்தது. ஆட்டம் கவர்ச்சியாகத் தோன்ற வேண்டுமாம். உள்ளே கால்சட்டை அணிந்துகொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தந்தார்கள்! வீராங்கனைகள் எதிர்த்தனர், மறு ஆண்டே விதி கைவிடப்பட்டது. பூப்பந்து அதனால் நலிந்துவிடவில்லை. 2016 ரியோ இறுதியில் சிந்துவும் கரோலினா மரினும் மூன்று செட் மோதியபோது நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. ஆட்டத்தின் இறுக்கமே அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது.

இன்னொரு காட்சியும் நினைவில் நிற்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதியின் சாரா அத்தார் தலையை மூடி, நீண்ட கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து 800 மீட்டர் ஓடினார். எல்லாருக்கும் பின்னால், அரை நிமிடத்துக்கும் மேல் தாமதமாகவே வந்தார். அரங்கமோ எழுந்து நின்று கைதட்டியது.

பார்வையாளர் என்னும் இடத்தில் நாமும் இருக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது. சூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு (30ஆம் வசனம்), அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டிய கடமை நம் வாலிபர்களுக்கும் உண்டு. ஆனால் தொடை தெரிய அவர்கள் ஆடும் கால்பந்தைக் குறித்து எந்த ஜமாஅத்திலும் பெரிதாகப் பேச்சு எழுவதில்லை.

மார்க்கம் விளையாட்டையோ அதைப் பார்ப்பதையோ பெண்ணுக்கு மறுக்கவில்லை. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்துக்கொண்டு, அவர்களுக்கே சலிக்கும்வரை நின்றார்கள். இருவரும் ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸில் உண்டு. முதலில் ஆயிஷா (ரலி) வென்றார்கள், பின்னொரு நாள் நபி (ஸல்) அவர்கள் வென்றார்கள்.

இத்தனையும் எழுதக் காரணம் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். சென்ற ஆண்டு வரை பள்ளியில் வேகமாக ஓடியவள், இவ்வாண்டு அணியில் இல்லை. குட்டைக் கால்சட்டை என்று கேள்விப்பட்டதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தடகள விதிகளோ ஆடை தூய்மையாகவும் ஆட்சேபத்துக்கு இடமில்லாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. குட்டைக் கால்சட்டை கட்டாயம் என்று அவற்றில் இல்லை. இதை அவளுடைய அத்தாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்தார். "அப்படியானால் நாங்கள்தான் அவசரப்பட்டுவிட்டோமோ?" என்றார் பிறகு. வரும் திங்களன்று உடற்கல்வி ஆசிரியரைப் பார்க்க இருவருமாகச் செல்லவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். முழுநீளக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும், பள்ளியின் நிறத்திலேயே, அவளுடைய உம்மா தைக்கத் தொடங்கிவிட்டார்.