மகளுக்கும் ஒரு மட்டை

மகள் பூப்பந்து மட்டை கேட்டால், "பெண்பிள்ளைக்கு ஏன் இந்தச் செலவு?" என்று தாய்மார் சொல்வதை நான் போகும் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறேன். மகனின் கிரிக்கெட் மட்டைக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு ரூபாவும் பெரிது. ஆகவே பார்த்து வாங்குவோம் தோழியரே.

சோடியாக விற்கும் மலிவான இரும்புத்தண்டு மட்டைகள் பாரமானவை. தண்டும் சட்டமும் சேரும் இடம் விரைவில் ஆடத் தொடங்கிவிடும். விலை மிகக் கூடியவை தேர்ந்த ஆட்டக்காரருக்கு உரியவை. இடைப்பட்ட விலையில் காபன் தண்டுள்ள மட்டை போதும். '4யூ' என்று எழுதியிருந்தால் அதன் நிறை 80 முதல் 84 கிராம். பழகும் பிள்ளையின் மணிக்கட்டு நோகாது. நரம்பின் இறுக்கம் 20 முதல் 22 இறாத்தல் போதும். நரம்பு அறுந்தால் மட்டையை வீசாதீர்கள், நரம்பை மட்டும் மாற்றலாம்.

மகளையும் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவள் பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தால் பிடி பொருந்துகிறது.

தனியே ஆட முடியாதே என்கிறீர்களா? அயல்வீட்டுத் தாயிடமும் பேசுங்கள். இரு வீட்டில் இரண்டு மட்டை இருந்தால், மாலையில் இரண்டு பெண்பிள்ளைகள் வெளியே வந்து விளையாடுவார்கள்.