வன்னியின் வழக்குகளை வன்னியிலிருந்து வாதாட யார் இருக்கிறார்கள்?

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண், தன் சீதனக் காணியை விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். சம்மதம் தரக் கணவன் இல்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அதே சட்டத்தில் வழி உண்டு. அந்த வழியை அவருக்குச் சொல்லப் பக்கத்தில் எவராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

2016 இல் காலவிதிப்பு (சிறப்பேற்பாடுகள்) சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் 1983 மே முதல் 2009 மே வரை நீதிமன்றம் செல்ல முடியாதவர்கள், பறிபோன காணிக்காக வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. சட்டம் கொழும்பில் நிறைவேறுகிறது. காலக்கெடு வன்னியில் ஓடுகிறது. ஊரில் சட்டம் படித்தவர் இல்லையென்றால், உரிமை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய வழிகளில் ஒன்று தொலைக்கல்வி. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் சட்டமாணிப் பட்டத்தை வழங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் உள்ளன. போரால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்து, இன்று ஆசிரியராகவோ அலுவலராகவோ இருப்பவர் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால், வேலையை விடாமலே சட்டம் படிக்கலாம்.

ஆனால் மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போலன்றி இங்கே கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய தடை மொழி. அரசியலமைப்பின்படி வடக்கின் நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கலாம். ஆனால் மாணவர் படிக்க வேண்டிய முன்தீர்ப்புகளின் தொகுப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. சட்டம் மனனம் செய்யும் பாடமல்ல. ஒரு தீர்ப்பை நால்வர் கூடி வாதிட்டால்தான் அதன் உள்ளே போகலாம். புதுக்குடியிருப்பில் தனியே இருந்து படிப்பவருக்கு அந்த நால்வர் கிடைப்பதில்லை.

பட்டம் பெற்றாலும் பாதை முடிவதில்லை. கொழும்பு சட்டக்கல்லூரியின் பரீட்சைகளையும் பயிற்சிக் காலத்தையும் கடந்தே சட்டத்தரணியாகலாம். அந்தப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 டிசம்பரில் வர்த்தமானி வெளியானது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. கதவு மூடப்படவில்லை, ஆனால் அது மீண்டும் அசையாது என்று எவரும் உறுதி தரவில்லை. ஆங்கிலத்தைக் கற்பதும் தமிழ் வழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மேன்முறையீடு கொழும்புக்குப் போகும்போது இரண்டும் தேவைப்படும்.

எமது சமூகம் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உறுதியானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நூலகங்களில் வாரம் ஒருநாள் சட்ட மாணவர் கூடிப் படிக்க இடம் கொடுக்கலாம். முக்கிய தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களை மூத்த சட்டத்தரணிகள் எழுதித் தரலாம். கோவில் கோபுரங்களுக்கு அள்ளித் தரும் புலம்பெயர் உறவுகள், ஒரு மாணவியின் கட்டணத்தையும் ஏற்கலாம்.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி என எமது வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் நீளும். அவற்றைச் சுமக்கப்போகிறவர்கள் இன்றே படிக்கத் தொடங்க வேண்டும்.