அசல் மின்சாரமும் நகல் மின்சாரமும்

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது? யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லையா? வெட்கப்பட வேண்டாம், என் வீட்டிலும் இதே கதைதான். பாட்டரி போனால் நமக்கென்ன, கடைக்காரருக்கு ஒரு போன் செய்தால் புதிது வந்து இறங்கிவிடுகிறது. ஆனால் பீகாரில் ஒரு கிராமம் முழுவதுமே பாட்டரியை நம்பி விளக்கேற்றிய சங்கதியைக் கேளுங்கள்.

ஜகானாபாத் ஜில்லாவில் இருக்கிறது தர்னை. முப்பது வருஷம் மின்சாரமே இல்லாமல் மண்ணெண்ணெய்ப் புகையில் காலந்தள்ளிய ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் ஸ்தாபனம் வேறு சில அமைப்புகளுடன் சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்துக் கொடுத்தது. செலவு சுமார் 3 கோடி ரூபாய். வீடுகள் ஏறக்குறைய 450. தெருவிளக்கு வந்தது, இருட்டிய பிறகும் பெண்கள் பயமில்லாமல் வாசல் தாண்ட முடிந்தது. ஊரே கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அதுதான் இல்லை. திறப்பு விழாவுக்குப் பெரிய அரசியல் தலைவர் வந்தபோது, 'இந்த நகல் மின்சாரம் வேண்டாம், அசல் மின்சாரம் கொடுங்கள்' என்று ஜனங்கள் கேட்டார்கள்!

நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பல்பு எரியலாம், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் ஹீட்டர் எதுவும் கூடாது என்று நிபந்தனை. அப்படி ஒரு மின்சாரத்தை உங்கள் சமையலறைக்குக் கொடுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? நான் இருக்கமாட்டேன்.

பிறகு சர்க்கார் கம்பியும் வந்து சேர்ந்தது. அதில் யூனிட் சுமார் 3 ரூபாய். சூரிய மின்சாரமோ சுமார் 9 ரூபாய். வெயில் இனாம்தானே, விலை எதற்கு? வெயில் பகலில் அடிக்கிறது, விளக்கு ராத்திரியில் வேண்டியிருக்கிறது. நடுவே சேர்த்துவைக்கும் பத்தாயம்தான் பாட்டரி. சூரியத் தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். பாட்டரிக்கு ஆயுசு அவ்வளவு கெட்டியில்லை. தர்னையில் மூன்று வருஷத்தில் பாட்டரிகள் ஓய்ந்தன. புதிதாக வாங்கிப் போட ஒருவரும் முன்வரவில்லை. 2021-ல் பத்திரிகை நிருபர்கள் போனபோது, மின்நிலையத்தில் மாடுகள் கட்டியிருந்தன.

தீபாவளிச் சீட்டு மாதிரி, பாட்டரிக்கென்று வீட்டுக்கு வீடு மாதாமாதம் ஒரு தொகை சேர்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பக்கத்துக் கம்பியில் மூன்று ரூபாய்க்கு மின்விசிறி சுற்றும்போது, ஒன்பது ரூபாய் விளக்குக்கு யார் சீட்டுக் கட்டுவார்கள்?