இருங்காட்டுக்கோட்டைக் கணக்கு

கம்பெனி அறிக்கை கைக்கு வந்தால், லாபம் எத்தனை என்று பார்த்துவிட்டு மூடி வைப்பது நம்மவர் வழக்கம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார்க் கார் செய்துவரும் ஹூண்டாய் கம்பெனியின் பங்குகள் 2024 அக்டோபரில் பொது ஜனங்களுக்கு விற்பனையாயின. பங்கு ஒன்றுக்கு ரூ.1,960. அப்போது வெளியான பிராஸ்பெக்டஸைச் சற்றுப் புரட்டுவோம்.

2022-23இல் லாபம் சுமார் ரூ.4,709 கோடி, மறு வருஷம் ரூ.6,060 கோடி. மெச்சத் தக்கதே. ஆனால், கம்பெனியின் சொந்த முதலுக்குக் கிடைத்த லாப வீதமோ நூற்றுக்கு இருபத்து மூன்றரையிலிருந்து ஏறக்குறைய 57க்குத் துள்ளிற்று! லாபம் கால் பங்குக்குச் சற்று அதிகமாக ஏறினால், வீதம் இரட்டிப்புக்கு மேல் ஏறுவானேன்?

விடை ஐந்தொகையில் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் கொரியாவிலுள்ள தாய்க் கம்பெனிக்குச் சுமார் ரூ.15,400 கோடி ஈவுத்தொகையாகச் சென்றது. சொந்த முதல் ரூ.20,055 கோடியிலிருந்து ரூ.10,666 கோடியாகச் சுருங்கிற்று. வகுக்கும் எண் குறைந்தால் ஈவு பெருகும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். (ஈவு, ஈவுத்தொகை: தமிழின் குறும்பைப் பாருங்கள்!) இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை, ஒளிவு மறைவும் இல்லை. வீதத்தைக் கண்டு மயங்கிச் சேமிப்பைக் கொட்டியவர் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை, அவ்வளவே.

பங்கு விற்ற ரூ.27,870 கோடியும் தாய்க் கம்பெனிக்கே போயிற்று. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைக்கு அதில் ஒரு காசும் இல்லை. அதுவும் அதே பிராஸ்பெக்டஸில் அச்சாகியிருந்தது.